ஏப்ரல் 14 அன்று டிவியில் என்ன போட்டார்கள்?

செண்பகத்தோப்பு என்றதும் உங்களில் பலருக்கு மீன்வெட்டிப் பாறை அருவிதான் நினைவுக்கு வரும். இல்லையென்றால் காட்டழகர் கோயில், பேச்சியம்மன் கோயில், வழியில் வாங்கித் தின்ற மாங்காய். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் படிக்கிற பிள்ளைகளுக்கு அது லீவு நாளில் பைக்கை முறுக்கிக்கொண்டு போய்க் குளித்துவிட்டு வருகிற இடம். அங்கே மனிதர்களும் குடியிருக்கிறார்கள் என்பது பலருக்கு உறைப்பதில்லை. மலையடிவாரத்தில் பளியர் குடியிருப்பு இருக்கிறது. 1988ல் அணிலுக்குச் சரணாலயம் என்றார்கள், 2021ல் புலிக்குக் காப்பகம் என்றார்கள். பளியருக்கு என்ன என்று கேட்டால் இரண்டு அறிவிப்பிலும் பதில் கிடையாது. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஓர் ஏப்ரல் 14 அன்று காலையில் அண்ணல் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பதினோரு பேருடன் வாசிப்புக் கூட்டம் நடத்த அங்கே போயிருந்தேன். தோப்பு நிழலில் உட்கார்ந்து பேசினோம். மதியம் குடிதண்ணீர் தீர்ந்துபோய்க் குடியிருப்புக்குள் போய்க் கேட்டோம். ஒரு வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. புதுப்படம், மூலையில் 'சித்திரைத் திருநாள் சிறப்பு' என்று எழுத்து. தண்ணீர் கொடுத்த அம்மாவிடம் எங்களோடு வந்த பெண் கேட்டாள்: "ஏம்மா, இன்னைக்கு அம்பேத்கர் பத்தி எதும் போட்டாங்களா?"

"காலைல இருந்து பட்டிமன்றம், பிறகு நடிகை பேட்டி, இப்ப படம். நியூஸ்ல மாலை போட்டதக் காட்ட ஆரம்பிச்சாங்க தாயி, அதுக்குள்ள கரண்டு போயிருச்சு."

நாங்கள் சிரித்தோம். திரும்பி வரும் வழியில்தான் எனக்கு ஒரு தேதி நினைவுக்கு வந்தது. தமிழின் முதல் பெரிய தனியார் தொலைக்காட்சியான சன் டிவி தொடங்கப்பட்டது 1993 ஏப்ரல் 14. பிறந்ததே அண்ணலின் பிறந்தநாளில்தான். அவர்கள் பார்த்தது சித்திரை முதல் நாளைத்தான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2008ல் தி.மு.க. அரசு தை முதல் நாளைப் புத்தாண்டு என்று சட்டம் போட்டது, 2011ல் அ.தி.மு.க. அரசு அதை ரத்து செய்து சித்திரைக்கே திருப்பியது. அதிலிருந்து நம் சேனல்களுக்குள் ஒரு பனிப்போர்: ஒன்று 'தமிழ்ப் புத்தாண்டு சிறப்பு நிகழ்ச்சி' என்னும், இன்னொன்று 'சித்திரைத் திருநாள்' என்னும், மூன்றாவது வம்பே வேண்டாம் என்று 'விடுமுறை தினக் கொண்டாட்டம்' என்னும். அந்த நாளுக்கு என்ன பெயர் வைப்பது என்று இவ்வளவு யோசித்தவர்களுக்கு நான்காவதாக ஒரு பெயர் இருப்பது தோன்றவே இல்லை. 2022ல் தமிழ்நாடு அரசே அதைச் 'சமத்துவ நாள்' என்று அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகும் அன்று பிரைம் டைமில் என்ன போடுகிறார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை வைத்துக்கொண்டு 'டிவி ஒழிக' என்று எழுதினால் எனக்கு நூறு லைக் கிடைக்கும். நான் எழுத வந்தது அதுவல்ல. தமிழ்த் தொலைக்காட்சி வளர்ந்தது நமக்கு நடந்த நல்லதா கெட்டதா என்பதில் நம் வட்டத்தில் ஓர் அவசரத் தீர்ப்பு இருக்கிறது. அந்தத் தீர்ப்போடு எனக்குச் சண்டை இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வயதுக்காரர்கள் அதைப் பார்க்கவில்லை. சென்னையில் தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15. எங்கள் பக்கத்துக்கு அது கொடைக்கானல் நிலையம் வழியாக வந்து சேர ரொம்பக் காலம் ஆனது. வந்தபோதும் அதில் தமிழ் கொஞ்சம், இந்தி நிறைய. நான் சிறுவனாக இருந்தபோது ஞாயிறு காலை மகாபாரதம் இந்தியில் ஓடும். ஒரு வார்த்தை புரியாது. அம்பு பறந்தால் கைதட்டுவோம், யாராவது அழுதால் சும்மா இருப்போம். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிறு சாயங்காலம் ஒரு தமிழ்ப் படம், அவ்வளவுதான் நம் மொழிக்கு ஒதுக்கிய இடம். டில்லியில் ஓர் அறையில் உட்கார்ந்து, ராஜபாளையத்துக் குழந்தை என்ன பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1991க்குப் பிறகு செயற்கைக்கோள் வழியே தனியார் சேனல்கள் வந்தபோது அந்த அறையின் கதவு உடைந்தது. 1993ல் தமிழில் சன், மலையாளத்தில் ஏசியாநெட். 1994ல் கன்னடத்தில் உதயா, 1995ல் தெலுங்கில் ஈடிவியும் ஜெமினியும். நாட்டை ஒரே மொழியில் கட்டிப்போட அரசுத் தொலைக்காட்சியை நம்பியிருந்தவர்களுக்கு இது பெரிய அடி. மொழிப்போராட்டக் கூட்டங்கள் சாதிக்காத ஒன்றை ஆன்டெனாவும் கேபிளும் சாதித்தன. இதைக் குறைத்துப் பேச நான் தயாராக இல்லை.

ஆனால் அந்த டிவி யார் வீட்டில் இருந்தது?

நான் பிறந்த ஊரின் பெயரை எழுதவில்லை, எழுதினால் இன்றைக்கும் அங்கே இருக்கிற என் சொந்தங்களுக்குத்தான் தொந்தரவு. எங்கள் தெருவில் டிவி இல்லாத காலத்தில் ஊருக்குள் ஒரு வீட்டின் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்போம். உள்ளே அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பாயில் படுத்துக்கொண்டு பார்ப்பார்கள். ஜன்னல் கம்பியைப் பிடிக்கக் கூடாது. எங்கள் அம்மா அந்த வீட்டுத் தொழுவத்தைக் கூட்டிவிட்டு வந்தால், அவள் மட்டும் வாசல்படிக்குக் கீழே உட்காரலாம். விளம்பரம் வரும்போது ஏதாவது வேலை சொல்வார்கள். அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு ஓடி வருவதற்குள் பாதிக் காட்சி போயிருக்கும். மிச்சத்தை நாங்கள் சொல்ல வேண்டும்.

இப்போது 2006க்கு வாருங்கள். தி.மு.க. அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், 14 அங்குலப் பெட்டி. ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேலான வீடுகளுக்குப் போனது. 2011 கணக்கெடுப்பில் இந்திய வீடுகளில் பாதியில்கூட டிவி இல்லை, தமிழ்நாட்டில் 87 சதவீத வீடுகளில் இருந்தது. அந்தத் திட்டத்தைக் கேலி செய்து அப்போது வந்த தலையங்கங்களைப் படித்திருப்பீர்கள்: மக்களைச் சோம்பேறியாக்குகிறார்கள், ஓட்டுக்கு லஞ்சம், குடும்பச் சேனலுக்குப் பார்வையாளர் சேர்க்கிறார்கள். கடைசிக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் அந்தப் பெட்டி வந்து இறங்கிய நாளில் என்ன நடந்தது என்று எந்தத் தலையங்கமும் எழுதவில்லை. ஜன்னலுக்கு வெளியே நிற்பது அன்றோடு நின்றது. என் அம்மா முதல் முறையாக ஒரு நாடகத்தை விளம்பரத்தோடு சேர்த்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு பார்த்தாள். எங்களைப் பொறுத்தவரை அந்தப் பெட்டிக்கு இலவசம் என்று பெயரில்லை.

ஜன்னலுக்கு வெளியே நிற்பது நின்றாலும் ஜன்னல் ஒழிந்ததா என்றால், இல்லை. பெட்டி எங்களுடையது, கேபிள் வயர் அவர்களுடையது. ஒரு திருவிழாச் சமயத்தில் எங்கள் பையன்கள் பொதுத்தெரு வழியாக மேளம் அடித்துக்கொண்டு வந்தார்கள் என்று தகராறு. மறுநாள் எங்கள் தெருவுக்குக் கடையில் பால் இல்லை, தோட்ட வேலை இல்லை, சாயங்காலம் கேபிளும் இல்லை. ஒன்பது நாள் கறுப்புத் திரை. ஊர் விலக்கம் என்றால் பாடப் புத்தகத்தில் தண்ணீரும் சவரமும் வரும். வயரைக் கழற்றுவதும் அதில் சேர்த்தி என்று நாங்கள் அப்போது தெரிந்துகொண்டோம். 2011ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு என்று வந்தபோது எங்கள் தெருவில் விலையைவிட 'அரசு' என்ற சொல்லுக்குத்தான் சந்தோசம். பின்னால் பார்த்தால் வயரை இழுக்கிற ஆள் அதே ஆள்தான்.

இனி திரைக்குள் போவோம்.

அண்ணல் 1955ல் மொழிவழி மாநிலங்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதை நம் படிப்பு வட்டங்களில் அவ்வளவாக எடுப்பதில்லை. மொழிவழி மாநிலம் வேண்டும் என்பதுதான் அவர் கருத்து, ஒரு மொழி பேசுகிற இடத்தில்தான் ஜனநாயகம் சிக்கலின்றி நடக்கும் என்கிறார். கூடவே ஓர் எச்சரிக்கை வைக்கிறார். அப்படி அமைகிற ஒவ்வொரு மாநிலத்திலும் எண்ணிக்கையும் நிலமும் உள்ள ஒன்றிரண்டு சாதிகள்தான் ஓங்கி நிற்கும், மற்றவர்கள், குறிப்பாகத் தீண்டப்படாதவர்கள், அவர்களை அண்டிப் பிழைக்க வேண்டி வரும் என்கிறார். பஞ்சாபில் ஜாட்டுகளை, மகாராஷ்டிரத்தில் மராத்தாக்களை, ஆந்திரத்தில் ரெட்டிகளையும் கம்மாக்களையும் காப்புகளையும் பெயர் சொல்லியே காட்டுகிறார். இந்தியிடமிருந்து விடுதலை பெறுவது ஒன்று. அந்த விடுதலைக்குப் பிறகு வீடு யாருடையது என்பது வேறு கேள்வி.

மொழிவழி மாநிலத்துக்கு அவர் சொன்னதை மொழிவழித் தொலைக்காட்சிக்குப் பொருத்திப் பாருங்கள், அப்படியே உட்காரும். டில்லி அறையின் கதவை உடைத்துக்கொண்டு வந்தது தமிழ்தான். ஆனால் எந்த வீட்டுத் தமிழ்? சித்தி, மெட்டி ஒலி, கோலங்கள் தொடங்கி நாதஸ்வரம் வழியாக இன்றைக்கு ஓடுகிற தொடர்கள் வரை ஒரு முறை மனதுக்குள் ஓட்டுங்கள். பெரிய வீடு. மாடிப்படி. பூஜையறை. கூட்டுக்குடும்பம். குலதெய்வக் கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்ற சண்டை. சாதிப் பெயர் சொல்ல மாட்டார்கள், அதில் மட்டும் மகா கவனம். மீசையும் கும்பிடுகிற சாமியும் தாலி கட்டுகிற முறையும் சொல்லிவிடும். காதல் திருமணம் வந்தால் தடை பணம், அல்லது பழைய பகை, அல்லது ஜாதகம். ஊருக்கு வெளியே ஒரு தெரு இருப்பதாகவும் அங்கிருந்து ஒரு பெண் காலையில் வேலைக்குக் கிளம்பிப் போவதாகவும் காட்டுகிற தொடர் எது? வேலைக்காரியாக வருவாள், சரி. அவள் வீட்டுக்குள் கேமரா எத்தனை முறை போயிருக்கிறது?

சினிமாவில் இது கொஞ்சம் உடைந்திருக்கிறது. 2012ல் அட்டகத்தி, 2014ல் மெட்ராஸ், 2018ல் பரியேறும் பெருமாள், 2021ல் கர்ணன் என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். சீரியலில் அப்படியொரு வரிசை ஏன் இல்லை? திறமையில்லாமல் இல்லை, சீரியல் எழுத்தாளர்களாக நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். காசு வருகிற வழிதான் காரணம். ஒரு படத்தை ஒரு இயக்குநரும் ஒரு தயாரிப்பாளரும் பிடிவாதமாக நின்று எடுத்துவிட முடியும். சீரியல் தினசரி. அரை மணி நேரத்தைச் சேனலிடமிருந்து விலைக்கு வாங்கி, விளம்பரம் பிடித்துப் போட்ட காசை எடுப்பதுதான் பல ஆண்டுகள் தமிழில் நடந்த முறை. சோப்பும் சேலையும் நகையும் விற்கிறவர் நாள்தோறும் சம்மதிக்க வேண்டும்.

அவர் எப்படிச் சம்மதிக்கிறார் என்பது இன்னும் சுவாரசியம். டிஆர்பி என்கிறோமே, 2015 முதல் பார்க் என்ற அமைப்பு அதைக் கணக்கிடுகிறது. நாடு முழுக்கச் சில பத்தாயிரம் வீடுகளில் மீட்டர் வைத்து, அதிலிருந்து கோடிக்கணக்கான வீடுகளை ஊகிப்பார்கள். வீடுகளைத் தரம் பிரிக்க என்.சி.சி.எஸ். என்று ஒரு முறை. குடும்பத்தில் சம்பாதிப்பவரின் படிப்பு ஒரு பக்கம், வீட்டிலுள்ள 11 பொருள்கள் ஒரு பக்கம். கரண்டு, ஃபேன், கேஸ் அடுப்பு, பைக், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, கார் என்று போகும் அந்தப் பட்டியலில் சொந்த விவசாய நிலமும் ஒன்று. இரண்டையும் பொருத்திப் பார்த்து ஏ முதல் ஈ வரை எழுத்துப் போடுவார்கள். விளம்பரதாரர் ஏ, பி வீடுகளுக்குத்தான் கூடுதல் காசு தருவார். 1892ல் ஒதுக்கிய 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் யார் கைக்குப் போனது என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அந்த நிலம் போனதால் டிவி முன்னால் உட்காரும்போதும் நம் மதிப்பெண் குறைகிறது. சேரி பார்க்காமல் எந்தத் தொடரும் ஓடாது, ஆனால் சேரியின் பார்வைக்கு விலை குறைவு. செண்பகத்தோப்பில் எங்களுக்குத் தண்ணீர் தந்த அந்த அம்மா எந்த எழுத்தில் வருவார் என்று சொல்லத் தேவையில்லை.

இப்படித்தான் 2017ல் பிக் பாஸ் முதல் சீசனில் ஒரு போட்டியாளர் இன்னொருவரைப் பார்த்து 'சேரி பிஹேவியர்' என்று சொன்னது தொகுப்பறையைத் தாண்டி, மேற்பார்வையைத் தாண்டி, நம் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. சொன்னவரை விடுங்கள், கோபத்தில் ஒருவர் வாயில் வந்துவிடும். நாள் முழுக்க எடுத்ததில் இருந்து ஒரு மணி நேரத்தைப் பொறுக்குகிற நிகழ்ச்சி அது. உட்கார்ந்து வெட்டி ஒட்டிய ஒருவருக்கும் அது உறுத்தவில்லையே, அதுதான் விஷயம். உறுத்தியிருக்கும், ஆனால் அந்த அறையில் உறுத்துகிற ஆள் இல்லை. புதிய தமிழகம் கிருஷ்ணசாமி நோட்டீஸ் அனுப்பினார், கண்டனங்கள் வந்தன, பிறகு நிகழ்ச்சி அடுத்த வாரத்துக்குப் போய்விட்டது. ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து 2019ல் வெளியிட்ட ஆய்வு நினைவிருக்கிறதா? இந்தி, ஆங்கில ஊடகங்களில் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினர், தலித்தும் பழங்குடியும் பூஜ்யம். அது செய்தித் துறையின் கணக்கு. பொழுதுபோக்குத் துறைக்கு, அதுவும் தமிழுக்கு, அப்படி ஒரு கணக்கை எடுக்க யாரும் அவசரப்படவில்லை. மீடியா படிக்கிற தம்பி தங்கைகள் ஆய்வுக்கு என்ன தலைப்பு என்று என்னிடம் கேட்கிறீர்களே, இதோ.

இதே சமயம் நம் ஆட்களிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. 'சீரியல் பார்க்கிறவங்கல்லாம் தற்குறிங்க', 'பிக் பாஸ் பாக்குற கூட்டம்' என்று நம் இளைஞர்களே பதிவு போடுகிறார்கள். யாரைச் சொல்கிறீர்கள்? ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு முடித்து வந்து, உலை வைத்துவிட்டு, அரை மணி நேரம் உட்காருகிற உங்கள் அம்மாவை. நீங்கள் சொல்வதற்கும் 'சேரி பிஹேவியர்' என்று சொன்னதற்கும் எவ்வளவு தூரம்? என் அம்மா மெட்டி ஒலி பார்த்து அழுதாள், அதில் வந்த ஐந்து பெண்களையும் தன் பிள்ளைகள் மாதிரி திட்டினாள். அவள் முட்டாள் அல்ல. 'இந்தப் பெரிய வீட்டுக்காரியளுக்கு வேலையே இல்லையா, எந்நேரமும் பட்டுச்சேலைல படி ஏறி எறங்குறாளுக' என்று ஒருநாள் சொன்னாளே, அந்த விமர்சனம் எந்த ஆய்விதழில் வரும்? அவள் பார்ப்பதைப் பழிக்காமல் அவளுக்கு எதிரே உட்கார்ந்து கேளுங்கள்.

அடுத்தது நாம் பேசத் தயங்குகிற விஷயம், மொழி.

'மாநில மொழி' என்கிறோம், 'பிராந்திய மொழி' என்கிறோம். 2011 கணக்கெடுப்பின்படி பத்தாயிரம் பேருக்கு மேல் பேசுகிற மொழிகள் மட்டும் இந்தியாவில் 121. எட்டாவது அட்டவணையில் 22. பெரிய பொழுதுபோக்குச் சேனல் நடத்துகிற மொழிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பளியருக்கென்று ஒரு பேச்சு இருக்கிறது, தமிழுக்கு நெருக்கமானது, ஆனால் அவர்களுக்கே உரியது. அது டிவியில் வராது என்பதைவிட மோசமானது, வந்தால் எப்படி வரும் என்பது. நகைச்சுவை நிகழ்ச்சியில் முகத்தில் கரி பூசி, இலை கட்டி, புரியாத ஒலியெழுப்பி ஆடுகிறார்களே, அதைச் செண்பகத்தோப்பில் ஒரு வீட்டில் உட்கார்ந்து அந்தக் குழந்தைகளோடு பாருங்கள், பார்க்க முடிகிறதா என்று.

எங்கள் கதை இன்னும் சிக்கல். நாங்கள் அருந்ததியர். வீட்டில் என் அவ்வா காலத்தில் தெலுங்கு. தண்ணீர் எங்களுக்கு 'நீள்ளு'. தெருவைத் தாண்டினால் தமிழ். அதே ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீட்டிலும் தெலுங்குதான். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராகவே இருந்தார், அவர் என்ன மொழி பேசினார் என்று யாரும் மோப்பம் பிடிக்கவில்லை. சாக்கடையில் இறங்குகிற எங்கள் ஆள் 'நீள்ளு' என்றால்தான் வந்தேறி. 2009ல் 18 சதவீதத்துக்குள் 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோதும், 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உட்பிரிவு செல்லும் என்றபோதும் அந்தச் சொல் சமூக வலைத்தளத்தில் பறந்தது, நம் சொந்த வட்டங்களுக்குள்ளும்தான். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் சீமான் எங்களைப் பற்றிப் பேசியது வழக்கானது உங்களுக்குத் தெரியும். ஆக, ஒரே மொழி, ஒரே ஊர், ஒருவருக்குக் கௌரவம், இன்னொருவருக்கு அவமானம்.

கேபிள் வந்த புதிதில் எங்கள் பக்கத்தில் ஜெமினியும் வரும். பணக்காரத் தெலுங்கு வீடுகள் இருந்ததால் வந்தது, எங்களுக்காக அல்ல. சித்தி தொடரையே 'பின்னி' என்ற பெயரில் தெலுங்கில் போட்டார்கள். 'இங்கன பாருங்க, நம்ம பேச்சுல வருது' என்று அவ்வாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, 'இது நம்ம பேச்சு இல்லடா, இது வேற யாரோ பேசுறாங்க' என்று எழுந்து போய்விட்டாள். ஆந்திரத்துப் படித்த வீட்டுத் தெலுங்கு அது. தாய்மொழியில் சேனல் வந்தாலும் அவ்வாவின் தாய்மொழி வரவில்லை. தமிழ்ச் சேனலில் நாங்கள் இல்லை, தெலுங்குச் சேனலிலும் இல்லை. 2019 பிப்ரவரியில் டிராய் புதிய கட்டணம் கொண்டுவந்து, நூறு சேனலுக்கு வரியோடு 153 ரூபாய், மேலே வேண்டியதற்குத் தனிக் காசு என்று ஆனபோது, எங்கள் தெருவில் முதலில் கழன்றது தெலுங்குச் சேனல்தான். அப்போது அவ்வா இல்லை. கேட்கவும் ஆளில்லை.

நம்பிக்கையளிக்கிற ஒரு கதையும் உண்டு, அது தமிழ்நாட்டில் நடக்கவில்லை. அண்ணலின் வாழ்க்கையை மராத்தியில் ஸ்டார் பிரவா 2019ல் நெடுந்தொடராகப் போட்டது. அந்த ஆண்டுக் கடைசியில் இந்தியிலும் அண்ட் டிவி ஒரு தொடர் தொடங்கியது. அந்த இந்தித் தொடரை 2020 ஜூலையில் ஜீ கன்னடா 'மகாநாயக' என்று மொழிமாற்றிப் போட்டது. கர்நாடகத்தில் டப்பிங்குக்கு எழுதப்படாத தடை பல பத்தாண்டுகளாக இருந்தது, கன்னடத்தைக் காப்பாற்றத்தான். 2015ல் போட்டி ஆணையம் அதைத் தவறு என்றது. பிறகு கொரோனா வந்து படப்பிடிப்புகள் நின்றன, சேனல்களுக்குப் போட ஒன்றுமில்லை. அந்த ஓட்டை வழியாக அண்ணல் உள்ளே வந்துவிட்டார். கிராமம் கிராமமாக, சேரி இளைஞர்கள் ஒரு டிவி தொடருக்குத் தங்கள் காசில் பேனர் கட்டினார்கள். சேனல் தலைமைப் பொறுப்பில் இருந்த ராகவேந்திர ஹுணசூருக்குத் தொடரை நிறுத்தச் சொல்லி மிரட்டல் அழைப்புகள் வந்தன. நிறுத்தவில்லை. மிரட்டல் செய்தி வெளியே வந்ததும் பேனர்கள் கூடின. விளம்பரதாரரின் ஏ, பி கணக்கு என்னவாக இருந்தாலும், ஊர் நடுவே நிற்கிற பேனரை மீட்டர் வைக்காமலே எண்ணிவிடலாம்.

நமக்கு? ஜப்பார் படேல் எடுத்த அம்பேத்கர் திரைப்படம் 2000ல் வெளியானது, மம்முட்டிக்குத் தேசிய விருது கிடைத்தது. தமிழில் அது திரைக்கு வந்தது 2010 டிசம்பரில், அதுவும் உயர் நீதிமன்றம் வரை போன பிறகு. அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா, மீனாம்பாள் சிவராஜ், இம்மானுவேல் சேகரன். இவர்களில் யாரையாவது இரவு எட்டு மணித் தொடரில் நாயகராகப் பார்த்தீர்களா? ராமனுக்கும் கிருஷ்ணனுக்கும் முருகனுக்கும் அம்மனுக்கும் மாறி மாறி நேரம் கிடைக்கிறது. 'எங்கள் மொழியில் எடுங்கள், டப்பிங் வேண்டாம்' என்று தமிழ்ச் சின்னத்திரைக்காரர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது, அவர்கள் பிழைப்பு அது. அப்படியானால் எடுங்கள். பதினெட்டு வயது இரட்டைமலை சீனிவாசனை நடிக்க இங்கே பையன் இல்லையா?

யூடியூப் வந்துவிட்டது, டிவியைப் பற்றி எதற்கு இவ்வளவு என்று கேட்பீர்கள். பறையும் கானாவும் தங்கள் வழியில் போனில் வளர்கின்றன, 2018ல் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியபோது எந்தச் சேனலின் அனுமதியும் தேவைப்படவில்லை. உண்மை. ஆனால் போன் ஒவ்வொருவர் கையில் தனித்தனியாக ஓடுகிறது. எட்டு மணித் தொடர் ஊரிலும் சேரியிலும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. ஊர்க்காரன் பார்க்க வேண்டியதை அவன் போனுக்கு அனுப்ப முடியாது, தடுத்துவிடுவான். அவன் வீட்டு நடுக்கூடத்தில் அவன் மனைவி பார்க்கிற திரையில் வந்தால்தான் வரும்.

அன்று செண்பகத்தோப்பிலிருந்து திரும்பும்போது பிள்ளைகள் ஒரு வேலையை எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு சேனல், திங்கள் முதல் சனி வரை, மாலை ஏழு முதல் பத்து. தனியாகப் பார்க்கக் கூடாது, அம்மாவோடோ ஆத்தாவோடோதான் பார்க்க வேண்டும். நோட்டில் நான்கு விஷயம்: எத்தனை வீடு காட்டினார்கள், யார் தரையில் உட்கார்ந்தார்கள், எந்தச் சாமி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் என்ன சொன்னார். முதல் வார நோட்டுகள் வந்துவிட்டன. தண்ணீர் கேட்டபோது டிவியைப் பற்றி விசாரித்த அந்தப் பெண்ணின் நோட்டில், புதன்கிழமைக்கு நேரே இப்படி இருந்தது: வீடு ஏழு, தரையில் உட்கார்ந்தவர் ஒருவர், வேலைக்காரி, பெயர் சொல்லவில்லை. சாமி மூன்று. அம்மா சொன்னது: 'அந்தப் புள்ள காலைல சாப்ட்டுச்சான்னு எவளும் கேக்கலையே.'